ஜனவரியில் பினாங்கு தேசியப் பூங்கா: அம்மாவையும் பையனையும் அழைத்துப் போகலாமா?

வாசுகி, அல்சூர்

எல்லோருக்கும் வணக்கம். சங்கராந்தி லீவை ஒட்டி பெங்களூரில் இருந்து மலேசியா போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கணவருக்கு கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை, அது முடிந்ததும் எல்லோரும் பினாங்கு போவதாகத் திட்டம். மால், கேபிள் கார் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங் பக்கத்தில், காடும் கடலும் ஒட்டியே கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது, காட்டுக்குள் நடந்தால் நேரே கடற்கரையில் போய் இறங்கலாம் என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

கூட வருவது அம்மாவும் பையனும். அம்மாவுக்கு 62 வயது. தினமும் காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடப்பவர், ஆனால் பிபி மாத்திரை சாப்பிடுகிறார், வலது முட்டியும் இறங்கும்போது தகராறு செய்யும். பையனுக்கு 9 வயது, ஸ்கந்தகிரி ஏறியிருக்கிறான், அவனைப் பற்றிக் கவலை இல்லை. கெராச்சுட் என்ற கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதானா? அங்கே கடலில் குளிக்கலாமா? திரும்பி வரப் படகு கிடைக்கும் என்கிறார்களே, நம்பிப் போகலாமா? அம்மா சைவம், அதற்கு என்ன வழி? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், விளம்பரக் கட்டுரைகளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது, ஒன்றையும் முடிவு பண்ண முடியவில்லை.

முரளி, எலக்ட்ரானிக் சிட்டி

வாசுகி மேடம், தாராளமாகப் போகலாம். ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே மழை குறைவான மாசம், செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். சிப் வேலையாக என்னை பினாங்குத் தீவிலேயே இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள், அப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் போக்கிடம் அந்தக் காடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கிலோமீட்டரை நம்பாதீர்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சம் என்பது உண்மைதான், கப்பன் பார்க்கில் அது ஒரு காலை நடை. அங்கே ஒன்றரை மணி நேரம் ஆகும், பையன் குரங்கையும் எறும்பையும் பார்த்துக்கொண்டு நின்றால் இரண்டு மணி நேரமும் ஆகும். ஏற்றம் பெரிய ஏற்றம் இல்லை, நந்தி பெட்டா ஏறியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, பிரச்சினை காற்றில் இருக்கும் ஈரம். நாம் 900 மீட்டர் உயரத்தில், ஜனவரியில் சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுகிற ஊரில் இருந்து போகிறோம். இங்கே வியர்த்தால் காற்று அதை உலர்த்திவிடும், உலரும்போது உடம்புச் சூடும் கூடவே இறங்கும். அங்கே வியர்வை உலரவே உலராது, வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். காலை எட்டரை மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிடும், கண்ணாடி போட்டவர்கள் நின்று நின்று துடைத்துக்கொண்டு போவார்கள். குதுரேமுக் அனாயாசமாக ஏறி இறங்குகிற என் சக ஊழியர் ஒருவர் பதினோரு மணி வெயிலில் கெராச்சுட் பாதையில் பாதி வழியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெம்பு இல்லாமல் இல்லை, கிளம்பிய நேரம்தான் கோளாறு. காலை எட்டு மணிக்கெல்லாம் பதிவு கவுண்டரில் நில்லுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கூடவே ஓஆர்எஸ் பொட்டலம். உள்ளே கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பாதை இப்படி: வாசலில் இருந்து கொஞ்ச தூரம் கடலோரமாகவே சமமாகப் போகும், ஒரு பக்கம் பாறையும் அலையும், மறுபக்கம் காடு. ஒரு சின்னத் தொங்குபாலம் வரும், அங்கேதான் பிரிகிறது. ஒன்று கரையை ஒட்டியே தெலுக் ஆலிங் வழியாக மங்கி பீச்சுக்குப் போகும், அதற்கும் மேலே ஏறினால் முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883-இல் கட்டியது. இன்னொன்று காட்டுக்குள் ஏறி மேடு தாண்டி அந்தப் பக்கம் கெராச்சுட்டில் இறங்கும். கெராச்சுட் பாதையில் மரத்து வேர்கள்தான் படிக்கட்டு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்த வேர் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், பாதத்தைக் குறுக்காக வைத்து இறங்க வேண்டும், சாண்டல் உதவாது, அடிப்பாகத்தில் பல் இருக்கிற ஷூ வேண்டும். உங்கள் அம்மாவின் முட்டிக்கு இந்த இறக்கம் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், அவர் படகில் வரட்டும்.

கெராச்சுட்டில் மணல் நீளமாக, அகலமாக, ஆள் குறைவாக இருக்கும். ஆனால் அங்கே குளிக்கக் கூடாது. பலகையே வைத்திருக்கிறார்கள், ஜெல்லி மீனும் உண்டு, அடி இழுப்பும் உண்டு. அலை சாதுவாகத் தெரியும், அதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள், பையனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். பார்க்க அங்கே வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கரைக்குப் பின்னால் ஒரு ஏரி, மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கனம் என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். உலகத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் கொஞ்சம்தான். ஆனால் ஆண்டு முழுக்க அது நிறைந்திருக்காது, ஜனவரியில் பெரும்பாலும் ஈரத் தரைதான் தெரியும். இன்னொன்று ஆமைக் காப்பிடம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேராமைகள் முட்டையிட வரும், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பங்குனி ஆமைகள். பெசன்ட் நகர் கரையில் ராத்திரி நடந்து முட்டை தேடுகிறார்களே, அதே ஆமை இனம்தான். முட்டைகளை எடுத்து வேலி கட்டிய மணலில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள், தொட்டியில் குஞ்சுகள் இருந்தால் பையனுக்கு அதுவே போதும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம்.

குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கி பீச் குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றவை, ஒன்று என் கண் முன்னால் ஒரு பெண்ணின் பையில் பக்கவாட்டு ஜிப்பை இரண்டு விரலால் இழுத்துத் திறந்து பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. யாராவது பாவம் என்று ஒரு வாழைப்பழம் கொடுத்து ஆரம்பித்ததுதான் இது. தீனிக்குப் பழகிய குரங்கு அடுத்த ஆளைக் கடிக்கும், கடித்தால் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் கவரைக் கையில் ஆட்டிக்கொண்டும் நடக்காதீர்கள். மரத்து உச்சியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கறுப்பாக ஒரு குரங்கு உட்கார்ந்து இலை தின்னும், அது சாதுவான இனம். அதன் குட்டி ஆரஞ்சு நிறம், அம்மா வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

கட்டணம் முன்னெல்லாம் கிடையாது, இப்போது வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 50 ரிங்கிட், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்ப் பக்கம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சிவா, மாரத்தஹள்ளி

இவ்வளவு செலவு செய்து வெளிநாடு எதற்கு, அந்தமான் போங்கள் மேடம். வண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது, 1983-இல் அறிவித்தது, 15 தீவுகள். ஜாலி பாய் தீவு நவம்பரில் இருந்து மே வரை திறந்திருக்கும், ஜனவரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்தே அம்மா பவளப்பாறை பார்க்கலாம், முட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், அந்தக் கண்டிப்பினால்தான் அந்தக் கரை அவ்வளவு சுத்தம். போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம், எந்தத் தெருவிலும் தமிழ் பேசி இட்லி சாப்பிடலாம்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், காட்டு நடை அந்தப் பூங்காவுக்குள் கிடையாது. அதற்குச் சிடியா தாப்பு போய் முண்டா பஹாட் ஏற வேண்டும், சின்ன நடை, முடிவில் செங்குத்தான பாறையும் கீழே கடலும். அங்கே முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும், கடலில் இறங்கக் கூடாது.

ஆயிஷா, ஃபிரேசர் டவுன்

சிவா சொல்வதும் நல்ல யோசனைதான், ஆனால் வாசுகி கேட்பது நடந்து போய்க் கடலைப் பார்க்கிற இடம், அதற்குப் பினாங்குதான். என் மாமா குடும்பம் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இருக்கிறது, ராமநாதபுரத்தில் இருந்து அவர் அப்பா காலத்தில் போனவர்கள். போக்குவரத்தும் சாப்பாடும் நான் சொல்கிறேன்.

கணவர் கோலாலம்பூரில் இருப்பதால் நீங்களும் பெங்களூரில் இருந்து நேரே அங்கே போய், கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி பட்டர்வர்த் வந்துவிடுங்கள், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஏசி ரயில், அம்மாவுக்கு விமானத்தை விட இது சுகம். அங்கிருந்து ஃபெர்ரி ஏறினால் ஜார்ஜ் டவுன் ஜெட்டி, அந்த ஜெட்டியிலேயே 101-ஆம் நம்பர் பஸ் கிளம்புகிறது, பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊர் வழியாகத் தெலுக் பஹாங் போகும். ஆனால் நகரத்தில் தங்கினால் பஸ்ஸிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், முரளி சொல்கிற எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியாது. அந்த ஒரு ராத்திரி மட்டும் பத்து ஃபெரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ தங்குங்கள், காலையில் கிராப் டாக்சி பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வாசல். இப்போது சென்னையில் இருந்தும் பினாங்குக்கு நேரடி விமானம் இருக்கிறது, திரும்பும்போது சென்னையில் சொந்தக்காரர்களைப் பார்க்கிற வேலை இருந்தால் அது தோது.

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழை இலை போட்டுச் சாப்பாடு, காலையில் இட்லி, பொங்கல். குயின் தெரு மாரியம்மன் கோவில் 1833-இல் கட்டியது, அதைச் சுற்றியே கடைகள். நாசி கண்டார் நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரிச் சுமந்து விற்றுப் பேர் வாங்கிய சாப்பாடு, அசைவம் என்பதால் அம்மாவுக்கு ஆகாது, நீங்கள் சாப்பிடுவீர்கள் என்றால் விட்டுவிடாதீர்கள். பூங்கா போகிற நாளைக்கு மட்டும் முந்தின நாளே சப்பாத்தி, வாழைப்பழம் என்று வாங்கி டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், தைப்பூசத் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி ரதமும் தங்க ரதமும் போகும், ஊர் முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள், அம்மா பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், ரோடும் அடைத்துவிடுவார்கள். விசா இந்தியர்களுக்கு 30 நாள் வரை வேண்டாம், 2026 முடியும் வரை அந்தச் சலுகையை நீட்டியிருக்கிறார்கள். டிஜிட்டல் அரைவல் கார்டு மட்டும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பிவிட வேண்டும், பையனுக்கும் சேர்த்து.

கார்த்திக், சர்ஜாபூர் ரோடு

காடும் கடலும் என்றால் என் ஓட்டு பாக்கோவுக்கு. போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தின் மிகப் பழைய தேசியப் பூங்கா, 1957-இல் இருந்து இருக்கிறது, அதன் தலைநகர் கூச்சிங்கில் இருந்து கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். பாக்கோ கிராமத்தில் படகு ஏறித்தான் போக முடியும். தொங்கு மூக்கோடு இருக்கிற ப்ரோபோசிஸ் குரங்கைச் சாயங்காலத்தில் தலைக்கு மேலேயே பார்க்கலாம், தாடி வைத்த காட்டுப் பன்றி தங்கும் விடுதி வாசலிலேயே திரியும், பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் மேட்டுப் பாதையில் கொத்துக் கொத்தாக. ராத்திரி அங்கேயே தங்கலாம். பினாங்குக் காடு நகரத்து ஓரத்தில் இருக்கிற சின்னக் காடு, இது வேறு ரகம்.

ஆனால் வாசுகி மேடம், உங்களுக்கு ஜனவரி என்பதால் நானே வேண்டாம் என்றும் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை அங்கே உச்சத்தில் இருக்கிற மாசம் அது, கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், வயதானவரைக் கூட்டிக்கொண்டு ஜெட்டியில் காத்திருக்க முடியாது. ஜூன், ஜூலையில் பள்ளி லீவு விட்டால் யோசியுங்கள். சரவாக்குக்குத் தனிக் குடியேற்றச் சோதனை உண்டு, கோலாலம்பூரில் இருந்து உள்நாட்டு விமானத்தில் போனாலும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

வாசுகி, அல்சூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பினாங்கு என்று முடிவு செய்துவிட்டோம், அந்தமான் அடுத்த வருஷம் என்று பையன் இப்போதே எழுதி வைத்துவிட்டான்.

என் கணவருக்கு நடை அவ்வளவாகப் பிடிக்காது, அவர் அம்மாவோடு படகில் கெராச்சுட் வரட்டும், நானும் பையனும் காட்டு வழியாக நடந்து அங்கே சேர்ந்துகொள்கிறோம், திரும்பும்போது நாலு பேரும் படகு. இது சரியா முரளி சார்? அம்மா "நானும் கொஞ்சமாவது காட்டுக்குள் நடப்பேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். அப்புறம், ஜெல்லி மீன் என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது, பையன் காலையாவது நனைப்பான், பட்டுவிட்டால் என்ன செய்வது?

டாக்டர் மீனாட்சி, ஜெயநகர்

இந்தியாவிலேயே ஒரு பாட்டில் வினிகர் வாங்கி, கசியாமல் கட்டி, பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள், அங்கேயும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஜெல்லி மீன் பட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும், பட்ட இடத்தில் அரை நிமிஷமாவது வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, மணலைப் போட்டுத் துடைக்கக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது, இந்த மூன்றும் தோலில் ஒட்டியிருக்கிற விஷ செல்களை மேலும் வெடிக்க வைக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் எது வந்தாலும் படகில் ஏற்றி நேரே மருத்துவமனை. சொல்லிக் கேட்கிற வயது பையன்தான், அந்தக் கரையில் காலை நனைப்பதையே விட்டுவிட்டு மணலில் விளையாடட்டும், நீச்சலுக்கு ஹோட்டல் குளம் இருக்கிறது.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிபி மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகப்படுத்தும் வகை, அதைச் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் வியர்த்தால் உடம்பில் நீரும் உப்பும் சட்டென்று குறையும். கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, பயண நாட்களில் எப்படிச் சாப்பிடுவது, ஓஆர்எஸ் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பேச்சு குழறினாலோ, வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை நின்று தோல் சூடாக இருந்தாலோ அது வெப்பத் தாக்கு, நிழல், ஈரத் துணி, விசிறல், உடனே ஆஸ்பத்திரி.

முரளி, எலக்ட்ரானிக் சிட்டி

வாசுகி மேடம், உங்கள் திட்டம் சரியான திட்டம். கெராச்சுட்டில் நீளமான ஜெட்டி இருக்கிறது, அம்மா மணலிலோ தண்ணீரிலோ குதித்து இறங்க வேண்டியதில்லை. மங்கி பீச்சில் பல சமயம் படகைக் கரையை ஒட்டி நிறுத்திவிடுவார்கள், முட்டிக்கு அது கஷ்டம், அதனால்தான் கெராச்சுட்.

அம்மாவின் ஆசைக்கு, காலையில் நாலு பேருமாக அந்தத் தொங்குபாலம் வரை போங்கள். சமதளம், கடல் காற்று வரும், காலை வேளையில் நீர் உடும்பு ஒன்றிரண்டு பாறையோரம் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம், ஆளுயர நீளம் வரை வளரும், பயப்பட வேண்டாம், அது நம்மைப் பார்த்து ஒதுங்கிவிடும். பாலத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு அம்மாவும் உங்கள் கணவரும் வாசலுக்குத் திரும்பட்டும், நீங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து மேலே ஏறுங்கள். அவர்கள் உடனே படகு ஏற வேண்டாம், வாசல் பக்கம் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் நீங்கள் இறங்குகிற நேரத்துக்கு அவர்களும் ஜெட்டியில் இருப்பார்கள், அம்மா வெயிலில் காத்துக்கிடக்க வேண்டியிருக்காது.

படகு, ஆளுக்கு அல்ல, ஒரு படகுக்கு இவ்வளவு என்று விலை. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து வாசலிலேயே பேசி முடியுங்கள், பாதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். ஒருமுறை ஒரு படகுக்காரர் மதியம் அலை அதிகம் என்று சொல்லிக் கரையில் நின்றவர்களிடம் இரண்டு மடங்கு கேட்டதைப் பார்த்திருக்கிறேன், அங்கே வேறு வழி இல்லாத நேரத்தில் பேரம் பேச முடியாது. பன்னிரண்டரைக்கு மேல் தள்ளாதீர்கள், மதியத்துக்கு மேல் மேகம் கூடினால் அந்தப் பக்கம் அலை ஏறும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், பையனுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள்.

காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் படகுக்காரர் நம்பர் உங்கள் போனில் மட்டும் இல்லாமல் உங்கள் கணவர் போனிலும் இருக்கட்டும்.